சமத்துக்கு வா

எங்கள் பள்ளியில் இப்போது மூன்றாம் வகுப்பு எடுக்கிற பெண் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். "டீச்சர், ஏ.டி.எச்.டி.ன்னு சொல்றாங்கல்ல, ஒரு எடத்துல இருக்க முடியாம, கவனம் நிக்காம இருக்கிற பிள்ளைக, அதுகளுக்கு டிரம்ஸ் கத்துக் குடுத்தா நல்லாக் கேக்குதாம். ஒங்க காலத்துலயே நம்ம ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு மிருதங்கம் சொல்லிக் குடுத்தாகளாமே? நீங்க அதை எழுதித் தாங்க, நாங்க எல்லாரும் படிக்கோம்" என்றாள்.

எழுதித் தருகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிருதங்கம் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, நாயகம் சார். அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பெண் என் வீட்டுப் படி ஏறியிருக்கமாட்டாள், நேரே அவரிடம் போயிருப்பாள். அவரும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசியிருப்பார். என் பெயர் அதில் ஒரு இடத்திலாவது வந்திருக்குமா என்பது சந்தேகம். எனக்கு அந்த மனுஷன் மேல் பொறாமை. இருந்தது என்று எழுத மனம் வரவில்லை. இருக்கிறது.

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை இராஜபாளையத்தில், ஒரு உதவிபெறும் தொடக்கப்பள்ளியில். போக வர பஸ். ஆசிரியர் பயிற்சியில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால், அட்டையில் படம் ஒட்டினோம், பாடக்குறிப்பு எழுதினோம். குழந்தை உளவியல் புத்தகத்தில் 'அமைதியற்ற குழந்தை' என்று அரைப் பக்கம் இருந்தது. அன்போடு நடத்த வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அன்போடு நடத்தியும் எழுந்து ஓடுகிற பிள்ளையை என்ன செய்வது என்று அடுத்த பக்கத்தில் தேடினேன், அங்கே வேறு பாடம் ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தது கொடுத்ததுதான், ஓய்வு பெறுகிறவரை அதே வகுப்பு. நான் அடிக்கிற டீச்சர் இல்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்து, "சமத்தா இருக்கணும்" என்பேன். அதற்கு மேல் வேண்டியிருக்காது. வாலுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேலை வைத்திருப்பேன். ஒருவன் போர்டு துடைப்பான், ஒருத்தி தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொள்வாள், இன்னொருத்தன் ஆபீசுக்குப் போய் சாக்பீஸ் வாங்கி வருவான். சீக்கிரம் கணக்குப் போடுகிறவனைக் கதவுப் பக்கம் உட்கார்த்தினால் வேடிக்கை பார்ப்பான், அவனைச் சுவர்ப் பக்கம் வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. "பாக்கியம் டீச்சர் கிளாஸ்ல இருந்து வந்த பிள்ளைகளா? அப்பக் கவலையில்ல" என்று மேல் வகுப்பு டீச்சர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஊறிப்போன உடம்பு இது.

எங்கள் தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. செருப்பை ஆபீஸ் வாசலிலேயே கழற்றிவிட்டு வராந்தாவில் வெறுங்காலோடு நடப்பார். அதனால் அவர் வகுப்பு வாசலில் வந்து நிற்பது யாருக்கும் தெரியாது. திடீரென்று பிள்ளைகள் அமைதியானால், சரி, பெரிய சார் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்று தெரிந்துகொள்வோம். எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். அந்தப் பாப்போமில் மூன்று வகை உண்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னால் முடியாது என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே சொன்னால் ஆகட்டும் என்று அர்த்தம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால், அவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார், நமக்குச் சொல்லவில்லை. புதிதாக வருகிற டீச்சர்களுக்கு நான்தான் இந்தப் பாடத்தை நடத்துவேன்.

எண்பதுகளின் நடுவில் என் வகுப்புக்கு முத்துச்செல்வி வந்தாள். அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தார், அம்மா வீட்டிலிருந்தபடியே பேண்டேஜ் துணி சுற்றிக் கொடுத்தாள். பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. பொய் சொல்லமாட்டாள், யாரையும் கிள்ளமாட்டாள். உட்காரமாட்டாள், அவ்வளவுதான். கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் வரும், பாதிக் கேள்விக்குப் பாதிப் பதில். அதைச் சொல்லும்போதே ஜன்னல் பக்கம் போய்விடுவாள். அங்கே போன காரணம் மறந்துபோய்ப் பக்கத்துப் பிள்ளையின் பலகையை எடுப்பாள். அதுவும் மறந்து, விரலால் அதைத் தட்டிக்கொண்டே நிற்பாள். வாரத்துக்கு ஒரு குச்சி டப்பா தொலைப்பாள். தண்ணீர்ப் பானை வேலை கொடுத்தேன், பானை உடைந்தது. சாக்பீஸ் வாங்கிவர அனுப்பினேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் கண்டுபிடித்தோம்.

"ஏட்டி செல்வி, சமத்தா இருக்கணும்."

"சரி டீச்சர்" என்பாள் மனசார. அந்தச் சரியைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்திருப்பாள்.

ஒருநாள் உதவிக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்திருந்தார். என் வகுப்பில் நின்று வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது மணி அடித்தது. எங்கள் பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு, பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி தொங்கும். நீண்ட மணி அடித்தால் வீட்டுக்கு. அன்றைக்குப் பதினோரு மணிகூட ஆகவில்லை. நீண்ட மணி அடிக்கிறது! பிள்ளைகளுக்கு என்ன தெரியும், ஐந்து வகுப்பும் பையைத் தூக்கிக்கொண்டு ஹோவென்று தெருவுக்குப் போய்விட்டது. அலுவலர் நின்ற இடத்தில் வாய்ப்பாடு சொல்ல ஒரு பிள்ளை இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் முத்துச்செல்வி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, டங் டங் என்று அடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் எப்போது என் வகுப்பை விட்டுப் போனாள் என்றே எனக்குத் தெரியாது.

மறுநாள் பெரிய சார் அறையில் அவள் அப்பா நின்றார். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருக்கிறார், புருவத்தில் பஞ்சு.

"படிப்பு ஏறலைன்னா விட்ருங்க சார். டி.சி.யக் குடுங்க. வீட்ல அம்மாகூட இருந்து பேண்டேஜ் சுத்தட்டும். கை வேகமாத்தான் இருக்கு அவளுக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை. இப்போது பள்ளியை விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"கொஞ்ச நாள் பொறுங்க. ஆண்டு விழா முடியட்டும். பாப்போம்" என்றார் பெரிய சார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. எனக்குத் திக்கென்றது.

அந்த அறையில் நான்காவதாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் நாயகம் சார், முழுப் பெயர் கோமதிநாயகம். மில் ஆபீசில் கிளார்க். எங்கள் ஊர்தான், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, தினமும் ஒரே பஸ். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் ஜவ்வாது வாசனை, படிய வாரிய தலை. முன் சீட்டுக் கம்பியில் தாளம் தட்டாமல் ஒருநாளும் அவர் பயணம் செய்ததில்லை. கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசிப்பார். ஆண்டு விழாவுக்காக எங்கள் பள்ளி ஹாலில் சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். முந்தின நாளும் அதற்காகத்தான் வந்திருந்தார். வந்த இடத்தில் மணியைக் கேட்டிருக்கிறார்.

"நேத்து மணி அடிச்சது இந்தப் பிள்ளையா சார்? ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இம்மிகூட வித்தியாசம் இல்ல. அவள எங்கிட்ட விடுங்க" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "சார், அஞ்சு நிமிஷம் பெஞ்சுல இருக்கமாட்டா. ஒங்க மிருதங்கத்தக் கிழிச்சுப் போட்ருவா" என்றேன்.

"தோலுதான டீச்சர், மாத்திக்கிடலாம்."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைக்க ஆரம்பித்தார். என் பேச்சு எடுபடவில்லை என்று புரிந்துகொண்டேன்.

முதல் வகுப்பை நான் ஹால் கதவு மறைவில் நின்று பார்த்தேன். எதற்கு நின்றேன்? அவர் தோற்பதைப் பார்க்கத்தான். என் பஸ் போனாலும் போகட்டும் என்று நின்றேன்.

அவர் மிருதங்கத்தைத் தொடவே விடவில்லை. ஒரு கிண்ணத்தில் ரவையும் தண்ணீரும் கொடுத்துப் பிசையச் சொன்னார். மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில் அந்த ரவையை அப்பினால்தான் தொம் என்ற நாதம் வரும். செல்வி பிசைந்தாள். மூக்கில் ஒட்டிக்கொண்டது, பாவாடையில் கொட்டியது, ஆனாலும் பிசைந்தாள். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் தொடையில் தட்டிக்கொண்டு வாயால் சொல்லச் சொன்னார். த, தி, தொம், நம். வலது கைக்கு ஒரு வேலை, இடது கைக்கு வேறு வேலை, வாய்க்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை. நாலு தடவை சொன்னாள் செல்வி. பிறகு எழுந்தாள்.

நாயகம் சார் தாளத்தை நிறுத்தவில்லை. அவளைப் பார்க்கக்கூட இல்லை. "போ தாயி, ஆனா சமத்துக்கு வந்துரு" என்றார். அவள் தூண்வரைக்கும் போனாள், தூணைத் தொட்டாள், ஓடி வந்து பொத்தென்று உட்கார்ந்து "த" என்றாள்.

அவ்வளவுதான், என் வயிறு பற்றி எரிய ஆரம்பித்தது. சமத்து! அது என் சொல். பதினைந்து வருஷமாக நான் சொல்லி வருகிற சொல். இதே பிள்ளையிடம் நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன், "சமத்தா இரு, சமத்தா இரு" என்று. அந்த ஜவ்வாது மனுஷன் ஒரு தடவை சொன்னார், ஓடி வந்து உட்காருகிறாள்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் குமுறினேன். அவர் தபால் ஆபீசில் வேலை பார்த்தார், எதையும் பாதி சிரிப்போடு கேட்கிறவர்.

"எங்கிட்ட இருந்து எடுத்த வார்த்தைங்க அது. அவ அவர மாமாங்கா. நான் வெறும் டீச்சர்."

"பிள்ளை உக்காந்தாளா இல்லையா?"

"உக்காந்தா."

"பொறவு என்ன? இந்தா, ஒரு தம்ளர் மோரக் குடிட்டி பாக்கியம். வயித்தெரிச்சலுக்கு நல்லது."

அன்றையிலிருந்து அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. நான் நாயகம் சார் பெயரை எடுத்தால் அவர் மோர் எடுத்துவரப் போவார்.

ஒரு மாதம் இப்படிப் போனது. சாயங்காலம் ஹாலில் செல்வி உட்காருகிறாள். பகலில் என் வகுப்பில் உட்காரமாட்டேன் என்கிறாள். அதைவிடக் கேவலம் ஒரு டீச்சருக்கு உண்டா? மற்ற டீச்சர்கள் வேறு, "நாயகம் சார் கை ராசி" என்று என் காது படப் பேசுகிறார்கள். கை ராசியாம்! பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்ப்போம் என்று முடிவுசெய்தேன். மறுநாள் கணக்கு நேரத்தில் செல்வி எழுந்ததும், முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, "போ தாயி, ஆனா சமத்துக்கு வந்துரு" என்றேன்.

செல்வி நடுவழியில் நின்றாள். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நீங்க தாளமே போடலையே டீச்சர். தாளம் போடாம சமத்துக்கு எப்படி வர?"

"என்னட்டி சொல்லுத?"

"சமம் டீச்சர். தாளம் சுத்தி வந்து மறுபடி ஆரம்பிக்கும்லா, அந்த எடம். எங்க வேணாப் போலாம், அதுக்குள்ள வந்துரணும். நீங்க தாளம் போடல, நான் எதுக்குள்ள வர?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த மனுஷன் சமத்துப் பிள்ளையாக இரு என்று ஒருநாளும் சொல்லவில்லை. தாளத்தில் எல்லாரும் வந்து சேருகிற முதல் தட்டுக்குச் சமம் என்று பெயர். அந்தச் சமத்துக்கு வா என்றிருக்கிறார். நான் என்னுடைய சமத்து என்று நினைத்து ஒரு மாதம் மோர் குடித்திருக்கிறேன்.

இனி என்ன செய்வது? தாளம் தெரியாமல் அந்தப் பிள்ளை என்னிடம் வரமாட்டாள். ஆண்டு விழா நெருங்குகிறது, பெரிய சார் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஊரில் தாளம் சொல்லித்தர எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சாயங்காலப் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சீட்டுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். அந்த மனுஷனுக்கு மெதுவாக என்பது தெரியாது.

"தாளமா? அடடே! கவனிங்க டீச்சர். மொதல்ல ஒரு தட்டு. பொறவு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஆச்சா? தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு. எம்புட்டு ஆச்சு? எட்டு. ஒம்பதுன்னு ஒண்ணு கெடையாது, மறுபடி ஒண்ணுதான். அதுதான் சமம். எங்க, போடுங்க பாப்போம்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தலையில் கூடையை வைத்துக்கொண்டு நின்ற அம்மாள்கூட என் கையைத்தான் பார்த்தாள். "டீச்சர் கச்சேரிக்குப் போறாகளா?" என்று கண்டக்டர் கேட்டார். நான் தாளம் போட்டேன். தப்பாகப் போட்டேன். "விரல அவசரப்படுத்தாதீக, ஒண்ணு போல இருக்கணும்" என்று அவர் திருத்தினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் என் மானம் போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் வகுப்பில் டஸ்டர் கட்டையால் மேஜையில் எட்டுத் தட்டினேன். "போயிட்டு வா செல்வி. சமத்துக்கு வந்துரணும்." ஜன்னலுக்குப் போனாள். முதல் தடவை பிந்தினாள். அடுத்த சுற்றில் வந்து சேர்ந்தாள், தட்டும் அவள் உட்காருவதும் ஒன்றாக விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதுவரை ஹாலில் மட்டும் சிரித்த சிரிப்பு.

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், டாக்டர்கள் வேறு காரணம் சொல்லலாம். அசையாதே என்று நாம் சொல்கிறோம். எதுவரைக்கும் அசையாமல் இருப்பது என்று சொல்வதில்லை. செல்வி மாதிரிப் பிள்ளைக்கு முடிவு தெரியாத நேரம் பெரிய கஷ்டம். தாளத்தில் முடிவு தெரியும், அதுவும் திரும்பத் திரும்ப வரும். தவறவிட்டாலும் அடுத்த சமம் இருக்கிறது, யாரும் திட்டப்போவதில்லை. வாய்ப்பாட்டையும் எட்டுத் தட்டுக்குள் அடக்கி வகுப்பு முழுக்கச் சொல்ல வைத்தேன். நாளாக ஆக அவள் ஜன்னல்வரை போவது நின்றது. பெஞ்சுப் பக்கத்தில் எழுந்து நின்று உட்காருவாள். பிறகு குதிகால் மட்டும் ஆடும். ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

இது ஊரில் யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. முத்துச்செல்வி திருந்தியது மிருதங்கத்தால், மிருதங்கம் நாயகம் சாரால். அவ்வளவுதான் பேச்சு.

ஆண்டு விழா வந்தது. அதே உதவிக் கல்வி அலுவலர் முன் வரிசையில், பக்கத்தில் பெரிய சார். செல்வியின் அப்பாவும் அம்மாவும் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவள் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து ஓடினால் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். நான் மேடைக்குக் கீழே தரையில் என் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். ஏற்பாடு இதுதான்: நாலு பிள்ளைகள் வாசிப்பார்கள், நாயகம் சார் நடுவில் உட்கார்ந்து தாளம் மட்டும் போடுவார்.

ஆனால் முன் வரிசையில் அதிகாரியைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்குக் கை அரித்துவிட்டது. பிள்ளைகள் ஆரம்பித்து இரண்டு சுற்று போகவில்லை, தன் மிருதங்கத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். என்ன வாசிப்பு! குறை சொல்லமாட்டேன், அற்புதமான வாசிப்பு. ஆனால் மிருதங்கம் வாசிக்கிறவனுக்குத் தாளம் போட மூன்றாவது கை ஏது? தாளம் நின்றுவிட்டது. மைக் வேறு கீச்சென்று கத்தியது. செல்வி கையை எடுத்தாள். எழுந்தாள். மேடை ஓரத்தில் தொங்கிய சீரியல் பல்பைப் பார்த்து நடந்தாள்.

கூட்டம் சிரித்தது. நாயகம் சார் வாசித்துக்கொண்டே அவளைப் பார்க்கிறார், கையை எடுக்கவும் வழியில்லை. பெரிய சார் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைத் தேடினார்.

என் பக்கத்தில் ஒரு காலி ஸ்டூல் கிடந்தது. அதை இழுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டேன். தட்டினேன். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன். செல்வி பல்பைத் தொடக் கையை நீட்டியவள் அப்படியே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு சுற்று போனது. இரண்டாவது சுற்றில் திரும்பினாள். ஓடவில்லை, நடந்து வந்தாள். உட்கார்ந்தாள், மடியில் மிருதங்கத்தை எடுத்து வைத்தாள், என் கை ஸ்டூலில் விழுந்த அதே நேரத்தில் அவள் கை தோலில் விழுந்தது. சமம்!

கூட்டம் கைதட்டியது பாருங்கள், அப்படியொரு கைதட்டல். எழுந்துபோய்ச் சரியாகத் திரும்பி வருவதும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டார்கள். "என்ன ஒரு பயிற்சி!" என்று அலுவலர் எழுந்து நின்றார். நாயகம் சாருக்குப் பொன்னாடை. மைக்கில் அவர், "எல்லாம் என் குருநாதர் ஆசீர்வாதம்" என்றார். குருநாதராம். கீழே ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தது அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

பெரிய சார் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை இருக்கட்டும் டீச்சர்" என்றார். செல்வியின் டி.சி. பேச்சு அதோடு போயிற்று. எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு தம்ளர் மோர் குடித்தேன்.

இளைய டீச்சர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிருதங்கம் மந்திரம் இல்லை. செல்வி அதற்குப் பிறகும் பல வருஷம் நாயகம் சாரிடம் வாசித்தாள், ஆனாலும் செருப்பைத் தொலைத்தாள், சொல்வதெழுதுதலில் பாதி வரியை விட்டாள், நாலாம் வகுப்பு டீச்சரிடம் வசவு வாங்கினாள். பிறகு வந்த இன்னொரு துறுதுறு பையனுக்குத் தாளச் சத்தமே ஆகவில்லை, காதைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனுக்குத் தோட்ட வேலைதான் ஒத்துவந்தது. எந்தப் பிள்ளைக்கு எது என்று பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் அந்த இங்கிலீஷ் பெயரை முதலில் கேட்டேன். பெயர் தெரியாத காலத்தில் நாங்கள் வாலு, அடங்காப்பிடாரி, குரங்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். அதே ஹாலில் விழா. பெரிய சார் அப்போது காலமாகிவிட்டார். நாயகம் சாரை மேடையில் உட்கார்த்தியிருந்தார்கள், என் விழாவிலும்! முத்துச்செல்வி வந்திருந்தாள். பத்தாவது வரை படித்து, ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள். நாள் முழுக்க நடந்துகொண்டே பார்க்கிற வேலை, அவளுக்கென்றே செய்த மாதிரி. அவளைப் பேசக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு உக்காரச் சொல்லிக் குடுத்தது நாயகம் மாமாதான்" என்று ஆரம்பித்தாள். மாமா அப்படி, மாமா இப்படி. கடைசியில், "டீச்சரும் ரொம்ப நல்லவிய" என்று முடித்தாள். என் பணி ஓய்வு விழாவில் எனக்குக் கிடைத்தது அந்த 'உம்'தான். சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பழைய அடுப்பு எரிந்தது.

பிறகு நான் ஏற்புரை சொல்ல எழுந்தேன். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. மூன்றாவது வரிசையில் செல்வி நெளிவது தெரிந்தது. கையைப் பிசைந்தாள். புடவைத் தலைப்பை முறுக்கினாள். சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் நடந்தாள். வளர்ந்த பெண், சபை நடுவில். சிலர் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒரு டீச்சர் அவளைப் பிடித்து உட்கார்த்த எழுந்தாள்.

நான் பேச்சை நிறுத்தவில்லை. வலது கை தானாக மேஜைக்குப் போனது. ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. மைக்கில் கேட்காத அளவுக்குத்தான் தட்டினேன். ஜன்னலில் செல்வியின் முதுகு நிமிர்ந்தது. திரும்பினாள். தன் பாட்டுக்கு நடந்து வந்தாள், என் கை மேஜையில் விழவும் அவள் நாற்காலியில் உட்காரவும் சரியாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இல்லை, ஒருவருக்குத் தெரிந்தது. விழா முடிந்து எல்லாரும் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது நாயகம் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். வாயில் வெற்றிலை இல்லை. ஜவ்வாது மட்டும் மணத்தது.

"டீச்சர்" என்றார். குரலை அவ்வளவு தாழ்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "அம்புட்டு வருஷம் எங்கிட்ட வாசிச்சா. எந்திரிச்சுப் போனா அரைத் தட்டு பிந்தித்தான் வருவா. என் தாளத்துக்கு அவ ஒருநாளும் இம்புட்டுச் சரியா வந்ததில்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. வருஷக் கணக்காக நான் என் கண்ணாடியில் பார்த்த முகம்.

என் வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது. மேஜையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"மோர் குடிங்க சார். வயித்துக்கு நல்லது."